மூங்கில் இறங்கியே இருக்கட்டும்

உன் வெற்றியை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். நான் கேட்கவில்லை, நீ தோற்கவும் இல்லை. மூன்று நாள் சைக்கிள் பந்தயத்தில் முதல் இரண்டு நாளும் முன்னால் இருந்தவன் நீ. மூன்றாம் நாள், உனக்காக மூடி வைத்திருக்க வேண்டிய சாலையைப் பாதியில் திறந்தார்கள். லாரிகளை உள்ளே விட்டு உன்னை அவற்றின் பின்னால் மாட்டவைத்துவிட்டு, கடிகாரத்தை மட்டும் நிறுத்தாமல் ஓடவிட்டார்கள். பிறகு உன் உடம்பிலிருந்து, முன்னால் இருப்பவன் போடுகிற மஞ்சள் சட்டையைக் கழற்றி எனக்குப் போட வந்தார்கள். அதை நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. நீ போய்விட்டதால் நான் அடங்கிவிடுவேன் என்று அவர்கள் நினைத்தால், என்னைப் பற்றி போர்ட் பிளேர் டாலிகஞ்சில் யாரிடமும் விசாரிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்று காலை கப்பல் ஊதியது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் அந்தச் சத்தம் என் வீட்டுப் பின்கட்டு வரை வரும். நான் கொடியில் உன் மஞ்சள் சட்டையை உலர்த்திக்கொண்டிருந்தேன். தகரப் பெட்டியில் கிடந்து கிடந்து பூஞ்சை பிடித்துவிட்டது. இந்த ஊர் ஈரத்துக்கு எதுதான் தப்பும்? இரண்டு தடவை துவைத்தும், நீ முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்ளும் கற்பூரத் தைல வாசனை கையோரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கப்பல் ஊதியதும் தெருவில் ஒரு லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. அதன் பின்னால் இன்னொன்று. சட்டையை மறுபடி எடுத்துப் பிழிந்தேன்.

போன வாரம் பந்தயக் குழுவின் செயலாளர் போன் செய்தார். இந்த ஆண்டு மறுபடியும் மூன்று நாள் பந்தயமாம். மூத்தோர் பிரிவின் சென்ற முறை சாம்பியன் என்ற முறையில் நான் மஞ்சள் சட்டை அணிந்து வந்து கொடியசைக்க வேண்டுமாம். "சட்ட உங்ககிட்டதானே இருக்கு? கிளப்புல அது ஒண்ணுதான் பெரியவரே, வரும்போது எடுத்துட்டு வந்துடுங்க" என்றார். யாருடைய சட்டை என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உனக்கு எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும்.

நீ முதலில் என் கடைக்கு வந்தது சைக்கிள் பற்றிப் பேச அல்ல, வெங்காயம் வாங்க. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தை விட்டு, சுனாமிப் பேரலைக்குப் பிறகு போர்ட் பிளேர் வந்து, மின்னி பேயில் அரசுக் குடியிருப்பு ஒன்றில் காவலாளாகச் சேர்ந்திருந்தாய். உன் அம்மா அப்பா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். கச்சாலில் பால் எடுக்கிற வேலையில் சைக்கிளின் இரண்டு பக்கமும் ரப்பர் பால் கேனைத் தொங்கவிட்டு, ஒரு சொட்டு சிந்தாமல் மேடு ஏறி வருவாயாம். அன்றும் கடை வாசலில் ஒரு பக்கம் அரிசியும் மறு பக்கம் மண்ணெண்ணெயும் தொங்கின. மாற்றலாகிப் போன விமானப்படைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன கியர் சைக்கிள் அது. அந்த மாதிரி சைக்கிளில் அரிசி ஏற்றுகிறவனை நான் பார்த்ததில்லை.

"ஏன்டே, இது ரேஸ் வண்டில்லா? இதுலயா மூட்ட ஏத்துற?"

"மூட்ட ஏத்தாத வண்டி எதுக்குண்ணே?"

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று. எனக்கும் அப்போது ஒரு கியர் சைக்கிள் இருந்தது. கடையை மகனிடம் கொடுத்த பிறகு, சர்க்கரை நோய்க்கு மிதிக்கச் சொன்னார் டாக்டர். மிதிக்கத் தொடங்கியவன் நிறுத்தவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். கியர், காற்று, மூச்சு எல்லாம் அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலப் பத்திரிகையில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிறகு போனில் பார்த்தேன். நீ எதையும் படிக்கவில்லை. மேட்டைப் பார்த்தால் ஏறினாய்.

ஐந்து வருடம் ஞாயிறு தவறாமல் சேர்ந்து மிதித்தோம். மேட்டில் நீ என்னை விட்டுவிட்டுப் போவாய், சமவெளியில் நான் உன்னைப் பிடிப்பேன். நான் கனத்த உடம்பு, தொடை பெரிது. நீ ஒரு பிடி எலும்பு. சிடியா டாப்பு சாலை முடிவில் டீக்கடையில் உட்கார்ந்து, யார் பெரியவன் என்று சண்டை போடுவோம். ஒரு தடவையும் முடிவு வந்ததில்லை. ஆகவே மூத்தோர் பிரிவில் மூன்று நாள் பந்தயம் என்று அறிவித்தபோது நீயும் நானும் ஒரே நாளில் பெயர் கொடுத்தோம்.

முதல் நாள் மேடு. எல்லோரையும் கடைசி ஏற்றத்தில் விட்டுவிட்டுப் போனாய். என்னைவிட ஒன்றரை நிமிடம் முன்னால் முடித்தாய். மஞ்சள் சட்டை உனக்கு. இரண்டாம் நாள் நீளமான சாலை. எல்லோரும் கூட்டமாகவே வந்தோம், கூட்டமாகவே முடித்தோம். அந்த ஒன்றரை நிமிடம் அப்படியே நின்றது. இரவு முழுக்க அதை நான் கணக்குப் போட்டேன், ஏனென்றால் மூன்றாம் நாள் டைம் ட்ரையல்.

சைக்கிள் பந்தயம் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். மற்ற நாட்களில் ஒருவன் முதுகுக்குப் பின் இன்னொருவன் ஒளிந்துகொள்ளலாம். முன்னால் போகிறவன் காற்றைக் கிழிப்பான், பின்னால் வருகிறவன் பாதி உழைப்பில் வருவான். டைம் ட்ரையலில் அது கிடையாது. இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகத் தனித்தனியே புறப்பட வேண்டும். எவன் பின்னாலும் ஒட்டக்கூடாது, ஒட்டினால் நீக்கிவிடுவார்கள். அங்கே நீயும் சாலையும் காற்றும்தான். மேட்டில் பறக்கிற மெலிந்தவன் அங்கே கடல் காற்றில் தள்ளாடுவான். கூட்டத்தில் பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்த கனத்தவன் அங்கே ராஜா. இரண்டு நாள் யாரும் காணாமல் மறைத்து வைத்த பலவீனமெல்லாம் மூன்றாம் நாள் வெளியே வந்துவிடும்.

புறப்படுகிற வரிசையும் தலைகீழ். கடைசியில் இருப்பவன் முதலில் போவான். முன்னால் இருப்பவன், மஞ்சள் சட்டைக்காரன், எல்லோருக்கும் கடைசியில் போவான். அது அவனுக்குச் செய்கிற மரியாதை. நேரக் கணக்கில் எனக்கு முன் நீ இருந்தாய், ஆகவே நான் உனக்கு முன்னால் புறப்பட வேண்டும். என் நிலைமை என்ன தெரியுமா? பின்னால் வருகிறவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். ஆனால் முதுகு முழுக்க அவன்தான் இருப்பான். திரும்பிப் பார்த்தால் நேரம் போகும், பார்க்காவிட்டால் பயம் போகாது.

உன் நிலைமை வேறு. நீ அன்றைய ஓட்டத்தில் ஜெயிக்கத் தேவையில்லை. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் என்னிடம் இழக்காமல் வந்தால் போதும். மின்னி பே கரையில், புறப்படும் இடத்தில், தைலத்தைத் தேய்த்துக்கொண்டே நீ சொன்னாய்:

"இன்னைக்கு நீங்க செயிச்சுக்கோங்கண்ணே. நான் கொஞ்சமா தோத்துக்கிறேன்."

"கொஞ்சமா தோக்கதுக்குன்னே பொறந்தவன்டே நீ. அந்தச் சட்டயப் பாரு, வெளக்குமாத்துக்கு மஞ்சத் துணி சுத்துன மாரி."

"நீங்க போட்டா பலாப்பழம் மாதிரி இருக்கும். விளங்குதா? அதுக்காச்சும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உன் மனைவி செல்வராணி, "ரெண்டு கெழமும் மிதிக்கிறதவிட வாய்தான் ஜாஸ்தி" என்றாள்.

இங்கேதான் அவர்கள் செய்த முதல் தப்பு. அன்று கப்பல் நாள். மெயின்லாண்டிலிருந்து சரக்கோடு கப்பல் காலையில் உள்ளே வரும் என்று ஊருக்கே தெரியும். ஆறு மணிக்குப் பந்தயத்தைத் தொடங்கினால் கப்பலுக்கு முன் முடித்துவிடலாம் என்றுதான் குழுவும் போட்டிருந்தது. ஆனால் சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். வந்தவர் பேசினார். அவரை வரவேற்றவர் பேசினார், நன்றி சொன்னவரும் பேசினார். உடற்பயிற்சியின் நன்மைகளைப் பற்றி, உடம்பு சூடேற்றி நின்ற எங்களிடம், உடம்பு ஆறும் வரை பேசினார்கள். முதலில் புறப்பட்டவர்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை. தாமதமான ஒவ்வொரு நிமிடமும் போய்ச் சேர்ந்தது வரிசையின் கடைசியில் நின்ற உன் தலையில். மரியாதை செய்து கடைசியில் நிறுத்தி, அந்த இடத்தையே உனக்குக் கண்ணியாக்கினார்கள்.

நான் புறப்பட்டேன். மின்னி பே கரையிலிருந்து டாலிகஞ்சைத் தாண்டிப் போய், திரும்பி வருகிற சாலை. குறுக்குச் சாலை வந்து சேரும் முக்கில் மண்டல் தாதா மூங்கிலோடு நின்றார். அவரைத் தெரியாதவர்களுக்கு: வங்காளத்துக்காரர், தாதா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன், வயதானவர், இருபது வருடமாக அந்த முக்கில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்பவர். அந்தச் சாலையின் குறுக்கே மூங்கில் இறங்கியிருந்தால் வண்டிகள் நிற்கும், தூக்கினால் போகும். அந்த மூங்கிலுக்குப் பின்னால் காலி லாரிகள் வரிசையாக நின்றன. நான் போகையில் ஒரு டிரைவர் தலையை வெளியே நீட்டி, "செட்டியாரே, வெங்காயத்துக்கு முன்னாடியே ஓடுறீங்க" என்றான். நான் செட்டியார் இல்லை. கடை வைத்தவனெல்லாம் அவனுக்குச் செட்டியார்.

திரும்பும் இடத்தில் திரும்பி, கொஞ்ச தூரம்தான் வந்திருப்பேன். எதிரே நீ போனாய். தலை குனிந்து, முழங்கை ஒடுக்கி, மஞ்சளாக. ஒரு கண் என்னைப் பார்த்தது. நீ நன்றாக வருகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் நன்றாகத்தான் போனேன். என் வாழ்நாளில் அப்படி மிதித்ததில்லை. முக்கைத் தாண்டினேன். மூங்கில் இறங்கியே இருந்தது. முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கப்பல் ஊதியது.

நாற்பது வருடக் கடைக்காரன் நான். கப்பல் ஊதினால் கையில் இருக்கிற தராசைப் போட்டுவிட்டு ஓடியவன். அந்தக் கணத்தில், மூச்சு நெஞ்சுக்குள் எரிந்துகொண்டிருந்தபோது, துறைமுகத்தில் வரிசை பிடிக்க வேண்டுமே என்றுதான் நினைத்தேன். கால் இன்னும் வேகமாக மிதித்தது. பிறகு நான் உனக்கு அதைச் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

கப்பல் ஊதினால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்று யாருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலில் துறைமுகம் சேருகிற லாரிக்கு முதல் சரக்கு. கடைசி லாரி சாயங்காலம் வரை வெயிலில் நிற்கும், தக்காளி கூழாகிவிடும். அதனால் ஊதியதும் எல்லாம் விலகி வழி விடும். பள்ளிக்கூடப் பஸ் ஒதுங்கும், கல்யாண ஊர்வலம் ஒதுங்கும். மண்டல் தாதாவின் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. கை தானாக மூங்கிலைத் தூக்கிவிட்டது. எனக்குப் பின்னால் இன்னும் ஒருவன் வர வேண்டும் என்று அந்தக் கைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிறகு ஒரு நாள் நான் போய்க் கேட்டபோது அவர் ஒளிக்கவில்லை.

"ஜஹாஜ் ஆ கயா, ராஸ்தா கோல் தியா, தாதா. பீஸ் சால் சே யஹி கர்தா ஹூன்." கப்பல் வந்தது, வழியைத் திறந்தேன், இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன் என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அந்த இடத்தில் நான் மூங்கில் பிடித்திருந்தாலும் தூக்கியிருப்பேன். கோபமெல்லாம், கப்பல் நாளில் பேச்சு வைத்தவர்கள் மீது.

நான் கோட்டைத் தாண்டி, சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வர வேண்டிய நேரத்தில் வந்தது ஒரு லாரி. பிறகு மூன்று. ஹாரன் சத்தம். புகை. ஒரு லாரி இன்னொன்றை முந்தப் பார்த்து, அந்தக் குறுகலான ஏற்றத்தில் இரண்டும் அடைத்துக்கொண்டு நகர்ந்தன. அவற்றின் பின்னால், பிரேக்கைப் பிடித்தும் விட்டும், ஒரு மஞ்சள் புள்ளி. இந்தப் பக்கம் போனால் சாக்கடை, அந்தப் பக்கம் போனால் எதிர் வண்டி. ஒரு கட்டத்தில் நீ காலை ஊன்றிவிட்டாய். சைக்கிள்காரனுக்கு அதைவிட அவமானம் கிடையாது. லாரிகள் துறைமுகத்துப் பக்கம் திரும்பிய பிறகுதான் உனக்குச் சாலை கிடைத்தது. நீ வந்தாய். முகமெல்லாம் கரி. இருமினாய். உன் வாயிலிருந்து ஒரு வசவு வரும் என்று நான் காத்திருந்தேன். "தண்ணி இருக்காண்ணே" என்று கேட்டாய்.

ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். மொத்த நேரத்தில் நான் உன்னைவிடச் சில நொடிகள் முன்னால். சிறப்பு விருந்தினருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது, சட்டென்று படம் எடுக்க வேண்டும். கிளப்பில் ஒரே மஞ்சள் சட்டைதான். உன்னிடம் வந்து, "கொஞ்சம் கழட்டிக் கொடுங்க" என்றார்கள். நீ கழற்றினாய். வெயிலில், வற்றிய மார்போடு, கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றாய். ஈரமாக இருந்த அந்தச் சட்டையை என் தலை வழியே மாட்ட வந்தான் ஒருவன். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரு சட்டடே இது?"

செயலாளர் ஓடி வந்தார். "பெரியவரே, தகராறு வேணாம். கடிகாரம் பொய் சொல்லாது."

"கடிகாரம் ஒழுங்காத்தான் ஓடிச்சு. ரோடுதான் ஓடல."

"லாரி எல்லாருக்கும் வரும் போகும். ரோடுன்னா அப்படித்தான்."

"எனக்கு வரலயே. எனக்கு முன்னால போன ஒருத்தனுக்கும் வரலயே. இவனுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

அப்போது அவர் சொன்னதைத்தான் நான் சாகும் வரை மறக்கமாட்டேன். குரலைத் தாழ்த்தி, எனக்கு ஏதோ உதவி செய்வது போலச் சொன்னார்: "பாருங்க, அவரு லாரிக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு வந்தாரு. காத்து மறைப்பு கிடைச்சிருக்கு. ரூல்படி பார்த்தா அவர நீக்கணும். ரெண்டாமிடம் குடுத்தோமேன்னு சந்தோசப்படச் சொல்லுங்க."

காற்று மறைப்பு. நின்ற லாரியின் பின்னால் டீசல் புகையை விழுங்கிக்கொண்டு காலை ஊன்றி நின்றவனுக்கு. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. நீ பின்னால் வந்து என் தோளைத் தொட்டாய்.

"விடுங்கண்ணே. நல்ல மறைப்புதான். வெயிலே படல."

நீ அப்படித்தான். பேரலையில் வீடு போனதைச் சொல்லும்போதும் கூரைத் தகரம் எவ்வளவு தூரம் மிதந்தது என்று வியந்து சொல்வாய். உனக்குக் கோபம் வராது என்பதால் உனக்கு நியாயம் தேவையில்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உன் பங்கு கோபத்தையும் சேர்த்து நான்தான் படவேண்டியிருந்தது. சட்டையைச் சுருட்டி என் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கோப்பையை மேடையிலேயே விட்டேன். வழியில் சட்டையை உன்னிடம் நீட்டினேன். "எனக்கெதுக்குண்ணே, அது அவங்க சட்ட" என்றாய். என்னிடமே தங்கிவிட்டது.

மனுக் கொடுத்தேன். பதில் இல்லை. நேரில் போனேன். டீ கொடுத்தார்கள். விளையாட்டு அரங்கின் வாசலில் வெற்றியாளர் பலகையில் என் பெயரை எழுதினார்கள். ஒரு நாள் உப்புத்தாள் கொண்டுபோய் என் பெயரை நானே தேய்த்தேன். பாதி அழிவதற்குள் வாட்ச்மேன் பிடித்துவிட்டான். தன் பெயரைத் தானே அழித்ததற்காகப் பிடிபட்டவன் இந்தத் தீவுகளில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அடுத்த வாரம் பார்த்தால், முன்பைவிடப் பளிச்சென்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

உனக்கு அது சிரிப்பு. எனக்குத் தூக்கம் போயிற்று. உனக்கு நடந்தது அநியாயம். அதற்குள்ளேயே எனக்கும் ஒன்று நடந்திருந்தது. ஐந்து வருடமாக டீக்கடையில் முடியாத கேள்வி அன்று முடிந்திருக்க வேண்டும். என் வாழ்க்கையின் மிக நல்ல ஓட்டத்தை நான் ஓடினேன். அது உன்னை வெல்லப் போதுமா போதாதா என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. லாரியை ஜெயித்தவன் என்ற பெயர்தான் மிச்சம்.

மறுபடி ஓடலாம் என்று நான் சொன்னேன். நீ யோசிக்கவே இல்லை. கப்பல் இல்லாத ஒரு ஞாயிறு பார்த்தோம். செல்வராணி கையில் போனைப் பிடித்து நேரம் பார்த்தாள். மண்டல் தாதா, நாங்கள் அழைக்காமலே, விடுமுறை நாளில் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து முக்கில் மூங்கிலைச் சாய்த்து நின்றார். அவரிடம் அன்று எந்த அதிகாரமும் இல்லை. ஆட்டோக்காரர்கள் திட்டினார்கள். "ரேஸ் சல் ரஹா ஹை" என்று ஒரே பதில் சொன்னாராம், பந்தயம் நடக்கிறது என்று. நான் முதலில், இரண்டு நிமிடம் கழித்து நீ. அதே சாலை, அதே காற்று. என் முதுகில் அதே நீ.

அன்றைய ஓட்டம் எனது. ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் உன்னைவிட வேகமாக வந்தேன். அது போதவில்லை. ஒன்றரை நிமிடம் வேண்டியிருந்தது. நீ சொன்னபடியே கொஞ்சமாகத் தோற்று, பந்தயத்தை எடுத்துக்கொண்டாய்.

செல்வராணி எண்ணைப் படித்தாள். நீ சைக்கிளில் கவிழ்ந்தபடி, "இப்ப தெரிஞ்சிருச்சா?" என்று கேட்டாய். தெரிந்துவிட்டது என்றேன். அன்று சிடியா டாப்பு டீக்கடையில் சண்டை போட ஒன்றும் இல்லாமல் இரண்டு பேரும் டீ குடித்தோம். தோற்றதில் எனக்கு அவ்வளவு நிம்மதி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அதைக் குழுவிடம் போய்ச் சொன்னேன். வீட்டில் விளையாடியதையெல்லாம் பலகையில் ஏற்ற முடியாது என்றார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் உனக்கு வயிற்றில் நோய் என்று தெரிந்தது. சென்னைக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். போகும்போது, "மேட்டுல நான் இல்லன்னு ஆட்டம் போடாதீங்க" என்றாய். திரும்பி வந்தது கப்பலில். செல்வராணியின் மடியில், துணி கட்டிய செம்பில்.

அன்று கப்பல் ஊதியபோது நான் துறைமுகத்தில்தான் நின்றேன். நாற்பது வருடத்தில் முதல் தடவையாகச் சரக்குக்காக அல்ல. செல்வராணியும் உன் மகளும் ஆட்டோவில் ஏறினார்கள், நான் என் சைக்கிளில் பின்னால். முக்கில் லாரிகள் இரைந்துகொண்டு வந்தன. மண்டல் தாதா ஆட்டோவைப் பார்த்தார், மடியில் இருந்த செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூங்கிலை இறக்கினார். கப்பல் நாளில், கப்பல் ஊதிய பிறகு, லாரிகளுக்கு நேராக. ஹாரன் அடித்தார்கள். ஒரு டிரைவர் இறங்கி வந்து கேட்டான். அவர் ஏதோ சொன்னார். அவன் திரும்பிப் போய் இன்ஜினை அணைத்தான். பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்த முக்கில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. ஆட்டோ மெதுவாகப் போயிற்று. நாங்கள் கண்ணுக்கு மறையும் வரை மூங்கில் இறங்கியே இருந்தது.

அன்று யாருடைய தக்காளியும் கூழாகவில்லை, ஊர் பட்டினி கிடக்கவில்லை. லாரி வரும் போகும் என்றார்கள், அன்று லாரி நின்றது. செத்த உனக்கு நின்ற லாரி, உயிரோடு மிதித்து வந்த உனக்கும் நின்றிருக்கும். ஒருவர் சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. அதனால் இந்த முறை நான் சொல்கிறேன்.

செயலாளர் பலகையில் என் பெயரை அழித்து உன் பெயரை எழுத வேண்டும். அழிப்பதற்கு உப்புத்தாள் நான் தருகிறேன். லாரியின் காற்று மறைப்பைப் பற்றிச் சொன்னதை, அவர் செல்வராணியின் வீட்டு வாசலுக்குப் போய் அவளிடம் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

குழுவில் இருப்பவர்கள் கப்பல் நாளில் டைம் ட்ரையல் வைக்கக்கூடாது. வைத்தால், பேச வருகிறவர்கள் கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகு பேச வேண்டும்.

சட்டையை நான் கொண்டுவருவேன். போட்டுக்கொண்டு அல்ல, கையில். கொடியசைக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். நான் பெயர் கொடுத்துவிட்டேன், ஓடுவேன். மேட்டில் நீ இல்லை என்று ஆட்டம் போடவும் மாட்டேன். மூன்றாம் நாள் யார் முன்னால் இருந்தாலும், அவருக்குப் பின்னால் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். அங்கே அந்தச் சட்டையைச் செல்வராணி பிடித்துக்கொண்டு நிற்பாள். கடைசி ஆள் போய் இரண்டு நிமிடம் கழித்து, நேரம் பார்க்கிறவர் ஒரு தடவை கொடியை இறக்க வேண்டும். யாரும் புறப்படாத சாலைக்கு.

நான் கோட்டைத் தாண்டியதும் முக்குக்குத் திரும்பிப் போவேன். முதுகில் நீ வருகிறாய் என்று மிதித்து மிதித்துப் பழகியவன், இப்போதும் அப்படித்தான் மிதிக்கிறேன். நீ வந்து சேரத் தேவையான நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், செல்வராணிக்கும் தெரியும். அந்த நேரம் முடியும் வரை லாரிக்காரர்கள் இன்ஜினை அணைத்து வைக்க வேண்டும். மண்டல் தாதா ஒப்புக்கொண்டுவிட்டார். வேறு யார் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், மூங்கிலின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். அது இறங்கியே இருக்கும்.

கப்பல் ஊதினாலும்.